மாத்திரையை விட்டும் பிரஷர் ஏறலையே என்கிறவர்களுக்கு

"மாத்திரையை விட்டு மூணு நாள் ஆச்சு, 130தான் காட்டுது. இனி எதுக்கு?" கடலூர் முதுநகரானாலும் புதுச்சேரியானாலும், பிரஷர் பார்க்கும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பக்கவாதம் வரை கொண்டுபோய் விடுகிற தவறுகளில் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரை உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் நிறுத்திய பிறகும் சில நாள் அது வேலை செய்துகொண்டிருக்கும். மூன்றாம் நாள் பார்த்த நிம்மதியில் மெஷினை பீரோவில் வைத்துவிடுவார்கள். அதன்பின் பிரஷர் ஏறுவதை யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலும் தலைவலி, மயக்கம் எதுவும் இருக்காது. அட்டெனலால், குளோனிடின் போன்ற பிரஷர் மாத்திரைகளைச் சட்டென்று விடுவது இன்னும் ஆபத்து. மாத்திரையால் கணுக்கால் வீங்கினாலோ வறட்டு இருமல் வந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை உண்டு. 40 முதல் 69 வயதுக்குள் பிரஷரின் மேல் அளவு (130/80 என்றால் அந்த 130) 20 கூடினாலே பக்கவாதத்தால் சாகும் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் போகிறது.

"எல்லாம் தலையெழுத்து" என்பது அடுத்த தவறு. ஜப்பானில் 1951 முதல் 1980 வரை மரணத்துக்கு முதல் காரணம் பக்கவாதம்தான். உப்பு ஊறுகாயும் உப்பிட்ட மீனும் அதிகம் சாப்பிட்ட வடபகுதியில் நிலைமை இன்னும் மோசம். ஊர் ஊராகப் பிரஷர் பார்த்தார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், மாத்திரையைத் தொடர வைத்தார்கள்; பக்கவாத மரணம் பெருமளவு சரிந்தது. உலகக் கணக்கோ வேறு பக்கம் போகிறது. 30 முதல் 79 வயதுக்காரர்களில் 1990-ல் சுமார் 65 கோடிப் பேருக்கு இருந்த உயர் ரத்த அழுத்தம், 2019-ல் 128 கோடிப் பேருக்கு. அதில் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான்.

அந்த ஜப்பானிய ஊறுகாயின் இடத்தில் நமக்குக் கருவாடு இருக்கிறது. கூடவே அப்பளம், மோர்மிளகாய், பண்ருட்டி உப்பு முந்திரி. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்புதான், அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூன். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். வெளியிலிருந்து வரும் அப்பளம், கருவாட்டின் உப்பு இந்தப் பாக்கெட்டிலிருந்து போவதில்லை என்பதால், பாக்கெட் இன்னும் கூடுதல் நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று பாக்கெட் மேல் தேதி எழுதிப் பாருங்கள். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துப் பலமுறை அலசினால் உப்பு குறையும், முழுதும் போகாது. இந்துப்புக்கு மாறுவதில் பலன் இல்லை; அதுவும் பெரும்பாலும் அதே சோடியம்தான்.

பிரஷர் பார்ப்பதிலேயே கோளாறு நடக்கிறது. மாடி ஏறி வந்த கையோடு, காபி குடித்தவுடன், சிறுநீரை அடக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே பார்த்தால் அளவு கூடும். கை தொங்கினாலும், பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் அப்படியே. முதுகு சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். பட்டை சட்டைக்கு மேல் வேண்டாம். வெறும் கையில், நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி எடுங்கள். வீட்டில் அது 135/85-ஐ எட்டினாலே அதிகம்தான். அந்தத் தாளைக் கையில் கொண்டுபோனால் டாக்டருக்கு ஒற்றை அளவை நம்ப வேண்டியதில்லை.

மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் பிரஷரை ஏற்றும். வாங்கும்முன் பிரஷர் இருப்பதைச் சொல்லுங்கள்.

வாய் கோணி, ஒரு கை விழுந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள், புரையேறும். பிரஷரைச் சட்டென்று இறக்க நாக்கடியில் மருந்து வைக்கவும் கூடாது. மூளைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும். 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதை எண்ணத் தொடங்குவது, நீங்கள் கவனித்த நேரத்திலிருந்து அல்ல; அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. தூங்கி எழுந்தபோதே அப்படி இருந்தால், இரவு எத்தனை மணிக்குப் படுத்தார் என்பதைச் சொல்லுங்கள், அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.