ஏற்றத்தில் நின்றுபோன மோரிஸ் மைனர்

அப்பா விட்டுப்போன மோரிஸ் மைனர் 1000 கார் நாலு நாளாகத் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் என்னைக் காக்க வைத்தது. சாட்ஸ்வொர்த்திலிருந்து பைன்டவுன் வரை நன்றாக ஓடும். ஏற்றத்தில் இருமி அணைந்துவிடும். பத்து நிமிடம் சும்மா விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

டர்பன் வெயிலுக்குப் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகிறது என்றார் மாமா. பைப்பில் சூடு படாமல் சுற்றிக் கட்டினேன். பயனில்லை. ஃபில்டர் மாற்றினேன், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் எஸ்.யு. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் விட்டு நிறுத்தும் பாயின்ட்டுகளையும் தேய்த்தேன். அதே கதை.

ஒன்று மட்டும் உறுத்தியது. டாங்க் நிறைந்திருந்தால் சீக்கிரம் நிற்கிறது, பாதி இருந்தால் இன்னும் கொஞ்ச தூரம் போகிறது.

அடுத்த முறை நின்றதும் சாவியை அணைக்காமல் பானெட்டைத் திறந்தேன். மின்சாரத்தில் 'டிக் டிக்' என்று அடிக்கும் பம்ப் அது. சத்தமே இல்லை, தொட்டால் சுட்டது. பின்னால் போய் டாங்க் மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. உடனே முன்னால் டிக் டிக்!

போன மாதம் மாட்டிய புது மூடியில் காற்றுத் துளையே இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டாங்க்கில் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியவில்லை. நிறைந்த டாங்க்கில் காற்றுக்கு இடம் குறைவு, அதனால்தான் சீக்கிரம் நின்றிருக்கிறது. பழைய மூடியைத் தேடியெடுத்து, துளையில் அடைத்திருந்த துருவை ஊசியால் குத்தி, பெட்ரோலில் கழுவி மாட்டினேன். நேற்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை போய்வந்தோம், ஒரு முறைகூட நிற்கவில்லை. அப்பாடா!