மடக்கு சைக்கிளில் கால் சும்மா சுற்றுகிறதா? பின் கியரைப் பாருங்கள்

20 அங்குல மடக்கு சைக்கிளில் கடைசி கியருக்குப் போன பிறகும் கால் வெறுமனே சுற்றுவது போலத் தோன்றினால், மிதிகட்டையோடு சுற்றும் முன் பல்சக்கரத்தை (செயின்வீல்) மாற்ற அவசரப்பட வேண்டாம். முன்னால் பெரிய செயின்வீல் போட்டால் மேடு ஏறுவதும் கடினமாகிவிடும்.

முதலில் பல்லை எண்ணுங்கள். ஒரு பல்லில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டால் எண்ணிக்கை தவறாது. முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து, சக்கர அளவால் பெருக்குங்கள். 52 பல் முன்னால், 14 பின்னால் என்றால் 74 அங்குலம் வரும். இந்த எண் கூடக் கூட ஒரு மிதிக்குப் போகும் தூரமும் கூடும். நிமிடத்துக்கு 80 முறை மிதித்தால் மணிக்குச் சுமார் 27 கிலோமீட்டர் வேகம். அதே இடத்தில் 11 பல் இருந்தால் 94 அங்குலத்துக்கு மேல், வேகம் சுமார் 34.

ஆகவே 14-28 ஃப்ரீவீலை, அதாவது மிகச் சிறியதில் 14, மிகப் பெரியதில் 28 பல் உள்ள பின் பல்சக்கரத் தொகுதியை, கழற்றிவிட்டு 11-28 போடுவதே என் பரிந்துரை. பெரிய பல்சக்கரம் மாறாததால் மேடு ஏறும் கியர் அப்படியே இருக்கும், செயின் நீளத்தையும் மாற்ற வேண்டாம். பழையது 7 கியர் என்றால் புதியதையும் 7 கியராகவே வாங்குங்கள், இருக்கும் கியர் லீவரே போதும். பின்னால் இருப்பது ஃப்ரீவீலா (சக்கரத்தின் மையத்தில் மரையால் திருகி மாட்டுவது), கேசட்டா (காடிகளில் செருகி மாட்டுவது) என்று மட்டும் உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

பழைய ஃப்ரீவீல் மிதிக்க மிதிக்க இறுகியிருக்கும். அதற்குரிய கழற்றியும் நீளமான ஸ்பேனரும் தேவை. புதியதை மாட்டும் முன் மரையில் கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை கழற்றும்போது அருமை தெரியும்.

அப்புறம் செயின். செயின் கண்ணிகளை இணைக்கும் பின்களில் (pin) ஒன்றிலிருந்து அளந்தால் 12 அங்குலத்தில் இன்னொரு பின் வர வேண்டும். அந்த நீளம் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால், அதையும் மாற்றுங்கள். இல்லையென்றால் அந்தச் சின்ன 11 பல்லில் வழுக்கும்.