2.0 வந்தும் நகராத 2.0ஆர்சி1

எங்கள் அலுவலகக் கணினிகளில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. வெளியிலிருந்து வாங்கும் ஒரு மென்பொருளின் 2.0 பதிப்பு வந்ததும், கணினிகள் மென்பொருளை எடுத்துக்கொள்ளும் களஞ்சியத்தில் ஏற்றினேன். 2.0ஆர்சி1 என்ற சோதனைப் பதிப்பு இருந்த எந்தக் கணினியும் 2.0ஐச் சீண்டவில்லை. மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்கும் ஆப்ட் கட்டளையோ, எல்லாம் புதியதாகவே இருக்கிறது என்று சாதித்தது.

சந்தேகம் எண்ணின் மேல் விழுந்தது. பொதிகளை, அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் கட்டுகளைக் கையாளும் டிபிகேஜி கருவியில், பதிப்பு எண்களை ஒப்பிடும் கம்பேர்-வெர்ஷன்ஸ் வசதியிடம், 2.0-1ஐ விட 2.0ஆர்சி1-1 பெரியதா என்று கேட்டேன் (கடைசி -1, பொதி கட்டிய வரிசை எண்). வெளியேறும் குறியீடு 0, அதாவது ஆம்! டெபியனின் கணக்கு அப்படித்தான். 2.0 என்பதற்குப் பின் எழுத்து ஒட்டிக்கொண்டால், அது வெறும் 2.0ஐத் தாண்டிவிடும். ஆர்சி என்றால் வெளியீட்டுக்கு முந்தையது என்பது நமக்குத்தான் தெரியும், அதற்குத் தெரியாது.

எண்ணின் முன்னால் 1: என்று ஈபாக், அதாவது மற்ற எல்லாவற்றுக்கும் முன் ஒப்பிடப்படும் எண், சேர்த்தால் உடனே தீரும். ஆனால் ஒருமுறை சேர்த்த ஈபாக்கை அந்தப் பொதியிலிருந்து பிறகு எடுக்கவே முடியாது. தவிர, குறைந்தது 2.5 வேண்டும் என்று கேட்கும் வேறொரு பொதியையும் 1:2.0 ஏமாற்றிவிடும். இத்தனை சிறிய தொல்லைக்கு அவ்வளவு பெரிய விலையா?

எனவே 2.0ஆர்சி1ஐத் தாண்டும்படி, 'உண்மையில் 2.0தான்' என்ற பொருளில், 2.0ஆர்சி1+ரியலி2.0-1 என்று பெயரிட்டுப் பொதியை மறுபடி கட்டினேன். பார்க்கச் சகிக்காத பெயர்தான். ஆனாலும் எல்லாக் கணினிகளும் ஏற்றுக்கொண்டன, 2.1 வரும்போது அந்த வால் தானாக உதிர்ந்துவிடும்.

2.1இன் சோதனைப் பதிப்பை 2.1~ஆர்சி1-1 என்று கட்டியிருக்கிறேன். ~ குறி வந்தால், அந்த எண் பின்னால் ஒன்றுமே இல்லாத 2.1க்கும் கீழே போய்விடும். ரெட் ஹாட் போன்ற வேறு லினக்ஸ்களின் பொதி அமைப்பான ஆர்பிஎம்மும் பின்னாளில் இதே குறியை ஏற்றது.