செய்தி எந்தக் கட்டத்தில் நிற்கிறது? படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசியல், நீதிமன்றச் செய்திகளில் நமக்கு வரும் குழப்பத்துக்கெல்லாம் பொய்ச் செய்திதான் காரணம் என்று நினைக்கிறோம். பாதிக் குழப்பம் உண்மைச் செய்தியிலிருந்தே வருகிறது. நடந்தது ஒரு கட்டம், நாம் படிப்பது அதற்கு அடுத்த கட்டம். மசோதாவைச் சட்டமாகப் படிக்கிறோம், நீதிபதி கேட்ட கேள்வியைத் தீர்ப்பாகப் படிக்கிறோம். கைபேசித் திரையில் இரண்டு வரிக்குள் தலைப்பை அடக்க வேண்டியவர் முதலில் வெட்டுவதும் அந்தக் கட்டத்தைச் சொல்லும் சொல்லைத்தான்.

‘நிறைவேறியது’ என்றதும் அமலுக்கு வந்துவிட்டதாக நினைப்பது

நீட் விலக்கு மசோதா பேரவையில் நிறைவேறியது என்ற செய்தியைத் தமிழ்நாடு 2017 பிப்ரவரியில் படித்தது. 2021 செப்டம்பரில் படித்தது. 2022 பிப்ரவரியில் மறுபடியும் படித்தது. மூன்றும் உண்மைச் செய்திகள். நீட் மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

கல்வி பொதுப்பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள விஷயத்தில் ஏற்கெனவே இருக்கும் மத்தியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டம் செல்லுபடியாக வேண்டுமென்றால், அரசியல் சாசனத்தின் 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 2021 மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். பேரவை 2022 பிப்ரவரி 8 அன்று அதை மீண்டும் நிறைவேற்றியது. மசோதா டெல்லிக்குப் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். ஆகவே மாநில மசோதா பற்றிய செய்தியைப் பார்த்ததும் கேட்க வேண்டியது: இது மாநிலப் பட்டியலா, பொதுப்பட்டியலா? பொதுப்பட்டியலில் மத்தியச் சட்டத்தோடு மோதுகிறது என்றால் ஆளுநர் மாளிகை கடைசி நிறுத்தம் இல்லை.

மத்தியச் சட்டங்களில் சிக்கல் வேறு இடத்தில். இரு அவைகள், குடியரசுத் தலைவர், அரசிதழ் எல்லாம் தாண்டிய பிறகும் சட்டம் தூங்கலாம். சட்டத்தின் முதல் பிரிவிலேயே, பெரும்பாலும் அதன் இரண்டாவது உட்பிரிவில், எப்போது அமலாகும் என்று எழுதியிருப்பார்கள். ‘மத்திய அரசு அறிவிக்கை வாயிலாகக் குறிக்கும் தேதியில்’ என்றிருந்தால் அந்த அறிவிக்கை வரும்வரை எதுவும் மாறவில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 11 அன்று ஒப்புதல் கிடைத்தது. அதற்கான விதிகள் வந்தது 2025 நவம்பரில். நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்தும் 18 மாதம் அவகாசம். 2023 செப்டம்பரில் நாடே கொண்டாடிய மகளிர் இடஒதுக்கீட்டுத் திருத்தமும் அப்படித்தான்: அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று அந்தத் திருத்தத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. செய்தியின் நான்காவது பத்தி வரை படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

நீதிபதி பேசியதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

2021 ஏப்ரல் 26. கொரோனா இரண்டாம் அலையின் நடுவே, தேர்தல் ஆணையத்தின் மீது கொலை வழக்கே போடலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையின்போது சொன்னது. நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. ஆனால் அன்றைய எழுத்துபூர்வ உத்தரவில் அந்த வாசகம் இல்லை. ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. வாய்மொழிக் கருத்துகள் நீதிமன்றப் பதிவின் பகுதி அல்ல, அதில் இல்லாததை நீக்கச் சொல்ல முடியாது. விசாரணையில் நடப்பதை ஊடகங்கள் எழுதுவதையும் தடுக்க முடியாது என்று மே 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதியவர்கள் மீது தவறில்லை. அதை உத்தரவு என்று பகிர்ந்தவர்கள்தான் தவறினார்கள்.

‘சரமாரிக் கேள்வி’, ‘காட்டம்’, ‘அதிருப்தி’ இவையெல்லாம் விசாரணைச் செய்திகள். நீதிபதி ஒரு தரப்பின் வாதத்தைச் சோதிக்கவும் கேள்வி கேட்பார், சட்டென்று எரிச்சலாகவும் பேசுவார். அதைவைத்து முடிவை ஊகிக்க முடியாது.

‘நோட்டீஸ் அனுப்ப உத்தரவு’ என்றால் எதிர்த்தரப்பைப் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவே. ‘இடைக்காலத் தடை’ என்றால் இறுதி முடிவு வரும்வரை நிலைமையை நிறுத்திவைப்பது. 2021 ஜனவரியில் மூன்று வேளாண் சட்டங்களின் அமலாக்கத்தை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தபோது ‘சட்டங்கள் ரத்து’ என்றும் பலர் பகிர்ந்தார்கள். அவற்றை ரத்துசெய்தது நாடாளுமன்றம்தான், அதே ஆண்டு நவம்பரில்.

அதிகம் ஏமாற்றுவது ‘தள்ளுபடி’. உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனுவைக் காரணம் சொல்லாமல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தால், உயர் நீதிமன்றம் சொன்ன சட்டக் கருத்தை அது ஏற்றுக்கொண்டதாக ஆகாது. இந்த மேல்முறையீட்டைக் கேட்க விரும்பவில்லை என்று மட்டும்தான் பொருள். மனுதாரரே மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டாலும் ‘திரும்பப் பெற்றதால் தள்ளுபடி’ என்றுதான் பதிவாகும். தொலைக்காட்சியின் சிவப்புப் பட்டையில் இரண்டுக்கும் ஒரே சொல்.

தீர்ப்பு வந்த பிறகும் நிதானம் வேண்டும். 2020 ஜனவரி 10 அன்று காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் ‘இணையம் அடிப்படை உரிமை’ என்று தீர்ப்பு வந்ததாக இன்றும் எழுதுகிறார்கள். இணையம் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசியல் சாசனப் பாதுகாப்புக்கு உட்பட்டவை என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. இணைய இணைப்பே அடிப்படை உரிமையா என்ற கேள்விக்குள் போகவில்லை என்றும் சொல்லிவிட்டது.

சரிபார்க்க வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்) இட்டால் அடுத்த விசாரணைத் தேதியும் இதுவரை வந்த உத்தரவுகளும் கிடைக்கும். உத்தரவு பதிவேற்றமாக ஓரிரு நாள் ஆகலாம். உத்தரவு கையில் கிடைத்ததும் கடைசிப் பத்தியிலிருந்து படியுங்கள். கட்டளை அங்கேதான் இருக்கும்; மேலே இருப்பதில் பெரும்பகுதி இரு தரப்பின் வாதம். வாதத்தை நீதிமன்றம் சொன்னதாகப் பகிர்வது தனி வியாதி.

எஃப்ஐஆர், குற்றத்தீர்ப்பு, தண்டனை மூன்றையும் ஒன்றாக்குவது

எஃப்ஐஆர் என்பது ஒருவர் கொடுத்த தகவலின் பதிவு. பிடியாணையின்றிக் கைதுசெய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் பொதுவாகப் போலீஸ் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே ‘வழக்குப் பதிவு’ என்பதில் இருந்து குற்றம் நடந்ததா என்று தெரியாது. ஜாமீன் கிடைத்தால் நிரபராதி என்பதும் இல்லை. 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் அந்த ஒரே காரணத்துக்காகவே ஜாமீன் கிடைக்கும்.

மக்கள் பிரதிநிதிகள் விஷயத்தில் இந்தக் குழப்பம் பதவியையே தொடும். இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால் உடனே தகுதியிழப்பு. தண்டனையை மட்டும் நிறுத்திவைத்தால் சிறைக்குப் போக வேண்டாம், ஆனால் பதவி நிற்காது. குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்திவைத்தால்தான் பதவி திரும்பும். 2023 மார்ச் 23 அன்று சூரத் நீதிமன்றம் ராகுல் காந்திக்கு இரண்டாண்டு விதித்து, தண்டனையை 30 நாள் நிறுத்திவைத்தது. மறுநாளே பதவி போனது. ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் குற்றத்தீர்ப்பையே நிறுத்தியது. 7 அன்று மக்களவைக்குத் திரும்பினார். ‘தண்டனைக்குத் தடை’ என்ற தலைப்பு இரண்டுக்கும் பொருந்திவிடும். எது நிறுத்தப்பட்டது என்று உள்ளே தேடுங்கள்.

முன்னிலையை முடிவாக அறிவிப்பது

வாக்கு எண்ணிக்கையில் வழக்கமாக ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 14 மேசைகள். ஒரு சுற்று என்றால் 14 வாக்குச்சாவடிகள். 280 சாவடிகள் உள்ள தொகுதிக்கு 20 சுற்று வரும். சாவடிகள் எண் வரிசையில் எண்ணப்படுவதால் முதல் சில சுற்றுகள் ஒரே பகுதியைக் காட்டலாம். அதற்கு முன்பு வருபவை தபால் வாக்குகள். ஆகவே வித்தியாசத்தை மட்டும் பார்க்காமல் எத்தனையாவது சுற்று என்று பாருங்கள். தேர்தல் ஆணையத்தின் முடிவுப் பக்கத்தில் அது இருக்கும்.

படமாக வந்ததைச் செய்தியாக நம்புவது

தொலைக்காட்சி முத்திரையோடு வரும் நியூஸ் கார்டு வெறும் படம். படத்தில் சொடுக்க இணைப்பு இல்லை, திருத்தம் வராது, தேதியை வெட்டிவிடலாம். எழுத்துருவைப் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். இப்போது அது எடுபடாது. அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் அதே நாளில் அதே கார்டு இருக்கிறதா என்று பார்ப்பதே வழி. காணொளி என்றால் இரண்டு மூன்று காட்சிகளை நிறுத்திப் படமெடுத்து கூகுள் லென்ஸில் தேடுங்கள். முகத்தைவிடக் கடைப் பலகை, வண்டி எண் தெரியும் காட்சி உதவும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய காணொளிகளில் பல வேறு சம்பவங்களுடையவை. அவற்றில் காட்சி உண்மை, கூடவே வந்த வரி பொய்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: ஒரு பதிவு மறைந்துவிட்டால் அது பொய்யாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டுவது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் வரும் முடக்க உத்தரவுகளை ரகசியமாக வைக்க வேண்டும் என்று அதன் விதிகள் சொல்கின்றன. ‘இந்தியாவில் இந்தக் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது’ என்ற வரி, சட்டபூர்வக் கோரிக்கை ஒன்று வந்தது என்பதைச் சொல்கிறது. யார் கேட்டார்கள், எந்த வரிக்காகக் கேட்டார்கள் என்பது அதில் இருக்காது.