ஒரு காது மட்டும் கேட்கிறதா? மூளையைப் பழக்குவது இப்படி

முதலில் அவசரமான விஷயம். ஒரு காது திடீரென்று, ஒரே இரவிலோ இரண்டு மூன்று நாளிலோ கேட்காமல் போயிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சளி அடைத்திருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று வாரக்கணக்கில் விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். உள்காதுக் கோளாறாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள், முடிந்தால் முதல் சில நாட்களிலேயே தொடங்குவார்கள். காது நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

அதெல்லாம் முடிந்து, இனி ஒரு காதுதான் என்று ஆனவர்களுக்குத்தான் மீதி.

வலப்பக்கம் ஒருவர் கூப்பிட்டால் சத்தம் வலது காதுக்கு முதலில் வரும், இடது காதுக்குக் கொஞ்சம் பிந்திப் போகும். அந்தத் தாமதம் அதிகபட்சமே ஒரு மில்லி விநாடியில் மூன்றில் இரண்டு பங்குதான், ஆனாலும் மூளை அதைக் கண்டுபிடித்துவிடும். நடுவில் தலை மறைப்பதால் கீச்சென்ற ஒலிகள் அந்தப் பக்கம் மங்கலாகவும் போய்ச் சேரும். ஒரு காது போனதும் இந்த இரண்டு ஒப்பீடும் இல்லாமல் போகின்றன, அதனால்தான் மொபைல் எங்கே அடிக்கிறது என்று வீடெல்லாம் தேட வேண்டியிருக்கிறது.

மூளை சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு காதின் செய்தியும் மூளையின் இரண்டு பாதிகளுக்கும் போகிறது, எதிர்ப்பக்கத்துக்குச் சற்று அதிகமாக. ஒரு காது நின்றுபோனால், நல்ல காதுக்கு அதே பக்கத்துப் பாதி தரும் பதிலும் மெல்ல வலுத்து, பழைய சாய்வு குறைகிறது. வளர்ந்தவர்களிடமும் இது நடக்கிறது. ஆனால் இது நடந்துவிட்டதாலேயே திசை தெரிந்துவிடாது, அதைப் பழகித்தான் வாங்க வேண்டும்.

பழகுவதற்கு நம்மிடம் மீதி இருப்பது காது மடல். அதன் மேடு பள்ளங்களில் பட்டு வரும் ஒலி, வரும் திசையைப் பொறுத்துத் தன் தொனியில் கொஞ்சம் மாறும். 1998-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பெரியவர்களின் மடல்களில் அச்சு வைத்து வடிவத்தையே மாற்றினார்கள். சத்தம் மேலேயா கீழேயா என்று முதலில் தடுமாறியவர்கள் சில வாரங்களில் திரும்பக் கற்றுக்கொண்டார்கள், அச்சை எடுத்ததும் பழைய காதிலும் உடனே சரியாகச் சொன்னார்கள். எனக்குத் தெம்பு கொடுத்த ஆய்வு இது.

சரி, பயிற்சி. கண்ணை மூடி உட்காருங்கள், வீட்டில் ஒருவர் வெவ்வேறு இடத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கட்டும் (ஒற்றை 'பீப்' ஒலியில் மடலுக்கு வேலையே இல்லை, சாவிச் சத்தத்தில் நிறைய உண்டு). விரலை நீட்டிக் காட்டுங்கள், உடனே கண்ணைத் திறந்து சரிபாருங்கள். அந்தச் சரிபார்ப்புதான் பாடம், அது இல்லாமல் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தால் பெரிதாக எதுவும் ஒட்டாது. இன்னொன்று முக்கியம்: குலுக்கும் பலத்தை ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'சத்தம் அதிகம், அப்போ நல்ல காதுப் பக்கம்' என்ற குறுக்குவழியை மூளை பிடித்துக்கொள்ளும், அது தெருவில் ஏமாற்றிவிடும். தலையை அசைக்காமல் கொஞ்ச நாள், அப்புறம் மெதுவாகத் திருப்பி. எல்லோருக்கும் ஒரே அளவு முன்னேற்றம் வராது. நல்ல காதில் உயர் அதிர்வெண் ஒலிகள் எவ்வளவு கேட்கின்றன என்பதைப் பொறுத்தது அது. சாலையைக் கடக்கும்போது எத்தனை பயிற்சி எடுத்திருந்தாலும் கண்ணை நம்புங்கள்.

கூட்டத்தில் பேச்சைப் பிரித்துக் கேட்பதுதான் உண்மையில் பெரிய கஷ்டம், அதற்குப் பயிற்சியைவிட உட்காரும் இடம் அதிகம் உதவும். கேட்காத காதை இரைச்சல் பக்கம் வைத்து, பேசுபவர் நல்ல காதுப் பக்கம் வரும்படி, அவர் உதடும் கண்ணில் படும்படி உட்காருங்கள். 'எனக்கு இந்தக் காது கேட்காது, இந்தப் பக்கம் வாங்க' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சுமை குறையும். மாலையில் வரும் களைப்பு சோம்பல் இல்லை, மூளை நாள் முழுக்க விடுபட்ட சொற்களை நிரப்பிக்கொண்டிருந்த உழைப்பு. நடுவே அமைதியான ஓய்வு கொடுங்கள். காதிரைச்சல் இருந்தால் முழு அமைதியில் அது தூக்கலாகத் தெரியும், மெல்லிய மின்விசிறிச் சத்தம் போதும்.

மொபைல் அமைப்புகளில் 'மோனோ ஆடியோ'வைப் போடுங்கள், இல்லையென்றால் பாட்டில் பாதி கேட்காத காதுக்கே போய்விடும். நல்ல காதைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுங்கள்: 85 டெசிபல் (ஒலியளவின் அலகு) சத்தத்துக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 88-க்கு 4 மணி நேரம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஜென்டாமைசின் போன்ற காதைப் பாதிக்கக்கூடிய மருந்துகள் எழுதும்போது ஒரு காதுதான் இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கருவிகளில், 'கிராஸ்' வகை கேட்காத பக்கத்து ஒலியை நல்ல காதுக்குக் கடத்தும். அந்தப் பக்கம் பேசுபவரைத் தவறவிட மாட்டீர்கள், திசை மட்டும் கிடைக்காது. கேட்காத காதின் நரம்புக்கே செய்தி அனுப்புவது, அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட். ஒரு காது மட்டும் போனவர்களுக்கு மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ 2019-ல் அதை அனுமதித்தது. அதன் ஒலியை மூளை பழகப் பல மாதம் ஆகும். காது நின்று ஆண்டுகள் பல கடந்தால் பலன் குறையக்கூடும் என்பதால், யோசிப்பதாக இருந்தால் சீக்கிரமே போய்க் கேளுங்கள்.