ஊருக்குப் போகும் சுழியோடிகளுக்கு: கம்பியில்லா அழுத்தக் கருவியைப் பூட்டும் முறை

நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் 25 நாள் மகோற்சவம் ஆடி, ஆவணி மாதங்களில் வருவதால், புலம்பெயர்ந்த நம்மவர்களிற் பலர் தமது விடுமுறையை அந்நாள்களை ஒட்டியே எடுக்கின்றனர். அதே காலத்தில்தான் திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். கிழக்குக் கரையில் சுழியோடுவதற்குரிய பருவம் மே முதல் செப்ரெம்பர் வரையாகும். யாழ்ப்பாணத்திலோ அப்போது சோளகம் பலமாக வீசும்; தீவுகளைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடல் கலங்கிக் கிடக்கும். ஆகவே யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்து, இடையில் இரண்டு மூன்று நாள்களுக்குத் திருகோணமலைக்குப் போய் நீருக்குள் இறங்கித் திரும்புவதே நடைமுறைக்கு ஒத்த ஏற்பாடு. இந்த ஏற்பாட்டில், சிலிண்டரில் எவ்வளவு காற்று மிஞ்சியிருக்கிறது என்பதை மணிக்கட்டிலுள்ள கணினிக்கு அனுப்பும் சிறிய ட்ரான்ஸ்மிற்றரை எங்கே, எப்போது, எப்படிப் பூட்டிச் சரிபார்ப்பது என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலிற் சொல்ல வேண்டியது, இந்த வேலையைப் பயணம் புறப்படுவதற்கு முன், நீங்கள் வாழும் நாட்டிலேயே முடித்துவிட வேண்டும் என்பதுதான். காரணம் எளிது. ட்ரான்ஸ்மிற்றர் அழுத்தம் ஏறினால்தான் விழித்துக்கொள்ளும். காற்று நிரப்பிய சிலிண்டர் ஒன்று கையில் இல்லாவிட்டால் அது கணினியோடு பேசுகிறதா, பூட்டிய இடத்தில் காற்றுக் கசிகிறதா என்ற இரண்டையும் அறிய வழியில்லை. யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு கருவியை எத்தனை தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் திரையில் ஓர் எண்ணும் வராது. பழுதென்று பதறி, பிள்ளைகள் சுற்றி நிற்க அதைக் கழற்றத் தொடங்கியவர்களை நான் அறிவேன்.

மூச்சுக் கருவியான றெகுலேற்றரின் முதல் நிலையில், அதாவது சிலிண்டரின் வால்வில் பூட்டும் பகுதியில், இரண்டு வகைத் துளைகள் உண்டு. வாய்க்கும், மிதப்பைச் சரிசெய்யக் காற்றூதும் மேற்சட்டைக்கும் காற்றைக் கொண்டுபோகும் தாழ் அழுத்தத் துளைகள் பெரும்பாலும் 3/8 அங்குலம். சிலிண்டரின் முழு அழுத்தமும் வந்து நிற்கும் உயர் அழுத்தத் துளைகள் 7/16 அங்குலம். ட்ரான்ஸ்மிற்றர் பூட்டப்படுவது பின்னையதில்தான். துளையை மூடியிருக்கும் திருகை அலன் சாவியால் கழற்றி, ட்ரான்ஸ்மிற்றரின் அடியிலுள்ள ஓ-ரிங் என்ற றப்பர் வளையத்தில் வெடிப்போ மணலோ இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து, விரல்களாலேயே இறுதிவரை திருகுங்கள். அதன் பின் உலோக அடிப்பகுதியில் உள்ள தட்டையான பக்கங்களில் ஸ்பனரைப் பிடித்து மெல்ல ஒரு சிறு திருப்பம் கொடுத்தாற் போதும். கறுப்பு நிறப் பிளாஸ்ரிக் உடலைக் கைப்பிடியாக நினைத்து முறுக்குவதுதான் இக்கருவி உடைவதற்கான மிகச் சாதாரணமான காரணம். சிலிண்டரைத் தூக்கும்போது அதைப் பிடித்துத் தூக்குவது அடுத்த காரணம். புதிதாக வரும் படகுப் பையன்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் பார்வைக்கு அது பிடிப்பதற்கென்றே செய்தது போல இருக்கும்.

கணினி இடது மணிக்கட்டில் என்றால் ட்ரான்ஸ்மிற்றரும் இடப் பக்கத் துளையில் இருக்கட்டும். இது அழகுக்காக அல்ல. புளூடூத்தில் பயன்படும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைக் கடல்நீர் சில அங்குலங்களுக்குள் விழுங்கிவிடும் என்பதால், இக்கருவிகளில் பல மிகத் தாழ்ந்த அலைகளையே பயன்படுத்துகின்றன. ஷியர்வோட்டர் ஸ்விஃப்ட் போன்றவை 38 கிலோஹேர்ட்ஸிலும், சூண்டோவின் ராங்க் பொட் 123 கிலோஹேர்ட்ஸிலும் பேசும். அவை எட்டும் தூரம் ஏறக்குறைய ஒரு கை நீளம். கார்மின் வானொலி அலையை விட்டு ஒலியலையைப் பயன்படுத்துவதால் அது எட்டும் தூரம் கூடுதல். இதனால் ஒரு நிறுவனத்தின் ட்ரான்ஸ்மிற்றர் இன்னொரு நிறுவனத்தின் கணினியோடு பேசும் என்று எண்ணி, விலை குறைந்ததைத் தனியே வாங்கிவிட வேண்டாம். அலைவரிசையை முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இணைப்பது வகைக்கு வகை வேறுபடும். ஷியர்வோட்டரில் ட்ரான்ஸ்மிற்றரின் உடலிற் பொறித்திருக்கும் ஆறு இலக்கத் தொடரெண்ணைக் கணினியில் நீங்களே பதிய வேண்டும். வேறு சிலவற்றில் அழுத்தம் ஏற்றிய ட்ரான்ஸ்மிற்றருக்கு அருகே கணினியைக் கொண்டுபோனால் அவை தாமே ஒன்றையொன்று அடையாளங் காணும். எதுவாயினும், இணைத்த பின் கணினியின் பெயரையும் தொடரெண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். இதை வலியுறுத்துவதற்கு எனக்குத் தனிப்பட்ட காரணம் உண்டு. ஒருமுறை ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மச்சானிடமிருந்த இரண்டு கணினிகளில் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு அவரோடு இறங்கினேன். பன்னிரண்டு மீற்றரில் என் திரை 140 பார் (அழுத்த அலகு) என்றது. சற்றுத் தள்ளி நீந்தியதும் எண் மறைந்து கோடுகள் மட்டும் தெரிந்தன. மச்சானுக்குப் பக்கத்தில் வந்ததும் 135 என்று திரும்பவும் தோன்றியது. அது அவருடைய சிலிண்டரின் அழுத்தம். என்னுடைய முதுகிலிருந்த சிலிண்டரில், குழாயில் தொங்கிய ஊசிமானியைத் திருப்பிப் பார்த்தபோது, 85 தான் இருந்தது. பழைய தொடரெண்ணை நான் மாற்றவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

அந்த ஊசிமானிதான் அன்றைக்கு உதவியது என்பதால் அதைக் கழற்றிவிட்டு ட்ரான்ஸ்மிற்றரை மட்டும் நம்பி இறங்குவதற்கு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன். பெரும்பாலான முதல் நிலைகளில் உயர் அழுத்தத் துளைகள் இரண்டு உண்டு. ஒன்றில் ட்ரான்ஸ்மிற்றர், மற்றதில் சாதாரண மானி. எடை கூடுகிறது என்பவர்களுக்கு, குழாய் இல்லாமல் நேரே திருகும் பொத்தான் அளவு மானிகளும் உள்ளன.

பற்றரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்விஃப்டுக்கு சீஆர்123ஏ என்ற லிதியம் பற்றரி வேண்டும். ஒன்றைப் புதிதாகப் போட்டு, இன்னொன்றை உறையோடு எடுத்துச் செல்லுங்கள். அதே அளவில், அதே தோற்றத்தில், மீண்டும் மின்னேற்றும் வகையும் கடைகளில் உண்டு. அவற்றின் மின்னழுத்தம் கூடியதாக இருக்கக்கூடும் என்பதால், கருவியின் கையேடு அனுமதிக்காவிடில் அதைப் போடக் கூடாது. உதிரியான லிதியம் பற்றரிகள் விமானத்தின் சரக்கறைக்குள் போகும் பெட்டியில் வைக்கப்படக் கூடாதவை. முனைகளில் ஒட்டுநாடா ஒட்டிக் கைப்பையில் வையுங்கள். றெகுலேற்றரையும் கைப்பையிலேயே கொண்டுபோவது நான் கடைப்பிடிக்கும் வழக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் வவுனியா வரை இறங்கி, அங்கிருந்து ஹொறவப்பொத்தானை ஊடாகத் திருகோணமலைக்குப் போகலாம். வானின் பின்பக்கத்தில் வெயில் படும்படி கருவிகளை வைக்க வேண்டாம். அங்கே சென்றதும், சுழியோட்ட நிலையத்தில் முதலில் கேட்க வேண்டியது சிலிண்டரின் வால்வு எவ்வகையானது என்பதை. இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் பலர் பயன்படுத்துவது திருகிப் பூட்டும் டின் வகை. வாடகைச் சிலிண்டரோ கவ்விப் பூட்டும் யோக் வகையாக இருக்கலாம். இடையில் ஓர் இணைப்பானைப் பூட்டினால் முதல் நிலை தலையை நோக்கிச் சற்றுத் தள்ளி நிற்கும். அப்போது ட்ரான்ஸ்மிற்றர் பிடரியில் இடிக்கக்கூடும். புறப்படுமுன் நீங்கள் வாழும் நாட்டிலேயே அந்த இணைப்பானோடு பூட்டிப் பார்த்து, இடித்தால், ட்ரான்ஸ்மிற்றருக்கும் துளைக்கும் இடையே ஒரு சாண் நீளமான உயர் அழுத்தக் குழாயைப் போட்டுக்கொள்ளலாம். சிலிண்டரின் கழுத்திற் பொறித்திருக்கும் அழுத்தப் பரிசோதனைத் திகதியையும் கையோடு பாருங்கள். தெரிந்தவர் வைத்திருக்கிறார் என்பதற்காக, கடலட்டை பிடிக்கப் பயன்படும் சிலிண்டரை இரவல் வாங்கி இறங்குவது வேண்டாம்.

வால்வைத் திறக்கும்போது மிக மெதுவாகத் திறவுங்கள். 200 பார் அழுத்தம் ஒரே அடியில் வந்து மோதினால் உள்ளிருக்கும் உணரிக்குக் கேடு. திரையில் எண் வரச் சில விநாடிகள் ஆகலாம். வராவிட்டால் கணினியைத் ட்ரான்ஸ்மிற்றருக்கு அருகே கொண்டுபோய்ப் பொறுத்திருங்கள். கனடாவிலிருந்து வருவோர் கணினியின் அழுத்த அலகை பிஎஸ்ஐயிலிருந்து பாருக்கு மாற்றிவிட்டால், வழிகாட்டித் தம்பி கையால் எண் கேட்கும்போது குழப்பம் இராது. 3000 பிஎஸ்ஐ என்பது ஏறக்குறைய 207 பார்.

எண் எதிர்பார்த்ததை விடக் குறைவாக இருந்தால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும். 45 பாகையில் 200 பார் காட்டிய சிலிண்டர், 28 பாகைக் கடல்நீரில் ஆறியதும் ஏறக்குறைய 189 பாரையே காட்டும். காற்று எங்கும் போகவில்லை. கணினி கணித்துச் சொல்லும் 'எஞ்சிய நிமிடங்கள்' என்ற எண்ணையும் அளவோடு நம்புங்கள். அது கடந்த சில நிமிடங்களில் நீங்கள் மூச்சிழுத்த வேகத்தை வைத்துச் சொல்வது. நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுப்பவர் 20 மீற்றரில் 60 லீற்றர் இழுப்பார். 12 லீற்றர்ச் சிலிண்டரில் அது நிமிடத்துக்கு 5 பார். திருகோணமலைக்கு அருகேயுள்ள புறாத்தீவின் பவளப்பாறையில் ஆழங்குறைந்த இடத்தில் ஆறுதலாக மிதக்கும்போது காட்டிய நிமிடங்கள், கோணேசர் மலையின் அடியில் நீரோட்டத்தை எதிர்த்துக் காலடிக்கும்போது பாதியாகிவிடும். 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் பழைய கோணேசர் கோவிலின் கற்றூண்களைக் கண்ட அந்த இடத்தில், கண்கள் தூணில் இருக்கும். மானியைப் பார்க்க மனம் வராது. புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால் நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குக் கட்டணம் கூட.

ஒரே படகில் ஐந்தாறு பேர் ஒரே வகை ட்ரான்ஸ்மிற்றரோடு இறங்கினால் அலைகள் மோதி எண் இடையிடையே நின்றுபோகலாம். ஸ்விஃப்ட் சுற்றியிருப்பவற்றைக் கேட்டுத் தன் முறைக்குக் காத்திருந்து பேசும். பழையவற்றில் அந்த வசதி இல்லை. கமராவின் ஃபிளாஷ் விளக்கும் சிலவேளை இடையூறு செய்யும். சில விநாடிகளில் எண் திரும்பாவிட்டால் ஊசிமானியைப் பாருங்கள்.

யாழ்ப்பாணம் திரும்பியதும் கழுவுவதில் ஒரு சிக்கல் உண்டு. குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல். கிணற்று நீர் கொதிக்கவைத்த கேத்திலின் அடியில் வெள்ளைப் படையை விடுவதை எல்லோரும் கண்டிருப்பர். அந்த நீரில் றெகுலேற்றரை ஊறவைத்து வெயிலிற் காயவிட்டால் உப்புப் போய்ச் சுண்ணாம்பு வந்து உட்காரும். தீவுப் பகுதியில் உவர்க் கிணறுகளும் உண்டு. ஆகவே மூடியை நன்றாகத் துடைத்து முதல் நிலையை இறுக மூடிய பின், வடிகட்டிய குடிநீரை ஒரு வாளியில் விட்டு, அதில் அரை மணி நேரம் வைத்து, துணியால் ஈரமொற்றி நிழலில் உலர்த்துங்கள். ட்ரான்ஸ்மிற்றரைக் கழற்றத் தேவையில்லை.

விமானப் பயணத்தையும் இதனோடு சேர்த்துத் திட்டமிட வேண்டும். ஒரே தடவை இறங்கியவர் 12 மணி நேரமும், பல தடவை அல்லது பல நாள் இறங்கியவர் 18 மணி நேரமும் குறைந்தது பொறுத்திருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுறுத்தல். பலாலியிலிருந்து சென்னைக்குப் போகும் குறுகிய பயணமும் விமானப் பயணமே. கடைசி நாளில் பிற்பகல் 1 மணிக்கு மேலே வந்தவர் மறுநாள் காலை 7 மணிக்கு முன் பறக்கக் கூடாது. யாழ்ப்பாணம் திரும்பும் வழி முழுவதும் சமதரை என்பதால் அச்சமில்லை. ஆனால் திருகோணமலையிலிருந்து நேரே நுவரெலியாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைப்பவர்கள், அது 1800 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருப்பதால், இடையில் ஒரு நாள் விட்டுப் போகட்டும்.