எகிப்திய ஈமப்பேழையில் உதிரும் வண்ணம்: ஆராய்வதும் ஒட்டுவதும்

பழங்கால எகிப்தின் வண்ணம் தீட்டிய மரப்பொருளைக் காப்பதில் பாதிச் சிக்கல் கரைப்பானில்தான் இருக்கிறது. நிறமியைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் வேலம்பிசின் அல்லது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய வச்சிரப்பசை. இரண்டும் தண்ணீரில் இளகும். மேலே பூசிய வார்னிஷ், பிஸ்தா இனமான பிஸ்டாசியா மரத்துப் பிசின். தண்ணீர் பட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது, எத்தனாலிலும் அசிட்டோனிலும் கரைந்துவிடும். ஒரே பேழையின் வெளிப்புறத்தில் வார்னிஷ் இருந்து, உட்புறத்தில் இல்லாமலும் போகலாம். அதனால் ‘இந்தப் பேழைக்கு இந்தப் பசை’ என்று ஒட்டுமொத்தமாக முடிவெடுக்க வழியில்லை. ஒவ்வொரு பரப்புக்கும் தனி முடிவு வேண்டும்.

அடுக்குகள்

அடியில் மரம். உள்ளூர் மரங்களில் சிக்கமோர் அத்தி, கருவேலம், டாமரிஸ்க், இலந்தை இனம் ஆகியவை அதிகம். வசதி படைத்தவர்களுக்கு லெபனானிலிருந்து வந்த தேவதாரு. உள்ளூர் மரங்களில் நீண்ட நேரான பலகை கிடைப்பது அரிது. அதனால் சிறு துண்டுகளை முளையடித்துச் சேர்த்து, இடுக்குகளை வைக்கோல் கலந்த களிமண் சாந்தால் நிரப்பினார்கள். சில பேழைகளில் அதன்மேல் லினன் துணி உண்டு. பிறகு சுண்ணப்பூச்சு, அதன்மேல் நிறம், கடைசியாக வார்னிஷ். களிமண் சாந்து தண்ணீர் பட்டால் கரையும் என்பதோடு, தன் பழுப்பு நிறத்தையும் மேலே அனுப்பிவிடும். வெள்ளைப் பரப்பில் பழுப்பு விளிம்போடு தெரியும் வட்டக் கறைகள் பல இப்படி வந்தவைதான். அவற்றை எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

மர இனத்தை அறிய, முன்பே உடைந்து விழுந்த சிம்பு போதும். குறுக்கு, ஆரை, தொடு என்று மூன்று வாக்கில் மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். குறுக்குச் சீவலை மட்டும் பார்த்து இனம் சொல்வது அவசர முடிவு.

தொடாமல் பார்ப்பது

முதலில் சாய்வொளி. விளக்கைப் பரப்புக்கு 10 முதல் 15 பாகைச் சாய்வில் வைத்துப் படமெடுத்தால் தூக்கி நிற்கும் செதில்கள், உப்பல்கள், கருவித் தடங்கள் எல்லாம் நிழலோடு தெரியும். அந்தப் படத்தின் மீதே சேத வரைபடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: செதில், பொடிதல், உப்பல், இழப்பு, பழைய பழுதுபார்ப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.

அடுத்து 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு. பழுத்த பிசின் வார்னிஷ் மஞ்சள் சார்ந்து ஒளிரும். வார்னிஷ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் காட்ட இதைவிட விரைவான வழி இல்லை. ரோமானியர் காலப் பொருளில் மஞ்சிட்டி இன வேரிலிருந்து எடுத்த இளஞ்சிவப்பு, ஆரஞ்சு கலந்து ஒளிரும்.

எகிப்திய நீலத்துக்கென்று ஒரு தனி உத்தி உண்டு. மணல், சுண்ணாம்பு, செம்புச் சேர்மம், காரம் ஆகியவற்றைச் சுமார் 850 முதல் 1000 டிகிரி செல்சியஸில் சுட்டுச் செய்த இந்த நிறமி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை வாங்கி 910 நானோமீட்டர் அருகே அகச்சிவப்பில் ஒளிரும். உள்ளிருக்கும் அகச்சிவப்புத் தடுப்பை நீக்கிய கேமரா, 830 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியைத் தடுக்கும் வடிகட்டி, எல்.இ.டி. விளக்கு, இருட்டறை: இவ்வளவுதான் தேவை. கண்ணுக்குக் கறுப்பாகவோ சாம்பலாகவோ தெரியும் இடத்தில்கூட நீலத் துகள் இருந்தால் வெள்ளையாக மின்னும். இதில் வழக்கமாக நடக்கும் தவறு, அறையில் ஹாலஜன் விளக்கோ திரைச்சீலை இடுக்கில் வெயிலோ இருப்பது. அவற்றின் அகச்சிவப்பு பரப்பில் பட்டுத் திரும்ப, படம் முழுக்க வெள்ளையாகி, எங்கும் எகிப்திய நீலம் இருப்பது போலத் தோன்றும். 99 சதவீதம் பிரதிபலிக்கும் வெள்ளைத் தரத்தகடு ஒன்றைச் சட்டத்துக்குள் வையுங்கள். படத்தில் அது கறுப்பாக வராவிட்டால் அந்தப் படத்தை நம்ப வேண்டாம்.

கருவிகள் சொல்வதும் மறைப்பதும்

கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி தனிமங்களைச் சொல்லும். செம்பு இருக்கிறது என்று சொல்லுமே தவிர, அது நீலமா பச்சையா என்று சொல்லாது. கதிர் பல அடுக்குகளுக்குள் புகுவதால், சுண்ணப்பூச்சின் கால்சியமும் சாந்தின் இரும்பும் எல்லா அளவீட்டிலும் தலைகாட்டும். இரும்பைப் பார்த்ததும் காவி என்று எழுதிவிடாதீர்கள். பக்கத்தில் நிறம் உதிர்ந்த இடத்தையும் அளந்து ஒப்பிட வேண்டும்.

மஞ்சளில்தான் பலர் சறுக்குகிறார்கள். அரிதாரம் என்ற மஞ்சள் நிறமியில் ஆர்சனிக் உண்டு. அதன் முதன்மைக் கோடு 10.54 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். ஈயத்தின் கோடு ஒன்று 10.55-இல் வருகிறது. கருவியின் மென்பொருள் இரண்டையும் மாற்றிச் சொல்லக்கூடும். ஆகவே ஆர்சனிக்குக்கு 11.73, ஈயத்துக்கு 12.61 ஆகிய இரண்டாம் கோடுகளைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஐயம் தீராவிட்டால், லேசர் ஒளி சிதறும் விதத்தைக் கொண்டு சேர்மத்தை அறியும் ராமன் கருவி உதவும்: அரிதாரத்துக்கு 353 அலைஎண் (செ.மீ.⁻¹) அருகே வலுவான முகடு வரும்.

அரிதாரம் ஒளியில் வெளுத்து வெள்ளை ஆர்சனிக் ஆக்சைடாகிறது; மனோசிலை என்ற சிவப்பு ஆர்சனிக் நிறமி மஞ்சள் பொடியாகிறது. இன்று வெள்ளையாகத் தெரியும் கோடு அன்று பொன்மஞ்சளாக இருந்திருக்கலாம். இரண்டும் நஞ்சு. நைட்ரைல் கையுறை, துகள் வடிகட்டும் முகக்கவசம், ஹெப்பா வடிகட்டியுள்ள உறிஞ்சி இல்லாமல் பக்கத்தில் போக வேண்டாம். பழைய அருங்காட்சியகச் சேகரிப்பில் பூச்சிக்கு அடித்த பாதரச உப்பும் இருக்கக்கூடும்; அதே எக்ஸ்-கதிர் அளவீட்டில் பாதரசம் தெரியும்.

பசை எது என்பதை அகச்சிவப்பு நிறமாலை காட்டும். 1650, 1550 அலைஎண் அருகே இரட்டை முகடு இருந்தால் புரதம், பெரும்பாலும் வச்சிரப்பசை. அது இல்லாமல் 1000 முதல் 1100 வரை அகன்ற முகடு இருந்தால் வேலம்பிசின் என்று எண்ண இடமுண்டு. ஆனால் கடந்த நூற்றாண்டில் யாராவது வச்சிரப்பசையால் ஒட்டியிருந்தால் அதுவும் புரதமாகவே வரும். பழைய பழுதுபார்ப்பு வரைபடத்தை இங்கே கையில் வைத்திருங்கள்.

எகிப்திலேயே வேலை என்றால், 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் எண் தொல்பொருள் சட்டம் நினைவில் இருக்கட்டும். மாதிரி எடுக்கத் தொல்பொருள் உச்ச கவுன்சிலின் அனுமதி வேண்டும். பொருளிடம் கருவியைக் கொண்டுபோவதே அங்கே நடைமுறை.

கரைப்பான் சோதனை

மறைவான இடத்தில், நுண்ணோக்கியின் கீழ், 2 மில்லிமீட்டருக்குள் செய்யுங்கள். பல்குத்தும் குச்சி முனையில் சிறிது பஞ்சு சுற்றி, கரைப்பானில் நனைத்து, வடிதாளில் ஒற்றி எடுத்து, தேய்க்காமல் ஒரு முறை உருட்ட வேண்டும். வரிசை: வொயிட் ஸ்பிரிட் (பெட்ரோலியக் கரைப்பான்), ஐசோபுரப்பனால், எத்தனால், அசிட்டோன், கடைசியாகத் தண்ணீர். ஒவ்வொரு நிறத்துக்கும் தனியே. பஞ்சில் நிறம் ஏறினால் வண்ணம் இளகுகிறது. மஞ்சள் பழுப்பேறிப் புற ஊதாவில் ஒளிர்ந்தால் வார்னிஷ் கரைகிறது. சிவப்பு தாங்கியது என்பதால் கறுப்பும் தாங்கும் என்று எண்ணக் கூடாது. நிறமியின் பரும அளவும் பிசின் விகிதமும் நிறத்துக்கு நிறம் மாறும்.

வொயிட் ஸ்பிரிட்டில் வழுவழுப்பாக ஏதாவது வந்தால் அது பாரஃபின் மெழுகாக இருக்கலாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழாய்வுக் களத்திலேயே மெழுகு ஊற்றுவது வழக்கம். துட்டன்காமுன் கல்லறையின் புகழ்பெற்ற வண்ணப் பெட்டியே இதற்குச் சான்று. 1922-இல் கண்டெடுத்த கல்லறையின் ஈரப்பதத்திலிருந்து உலர்ந்த வேலைக்கூடத்துக்கு வந்ததும் மரம் சுருங்கியது. மேற்பூச்சு சுருங்க மறுத்து உப்பியது. முதலில் தெளித்த செல்லுலாய்ட் கரைசல் போதாமல், அதை நீக்கிவிட்டு மெழுகு ஊற்றினார்கள். அன்றைக்கு அது பெட்டியைக் காப்பாற்றியது. ஆனால் மெழுகு ஊறிய பரப்பில் தண்ணீர் சார்ந்த பசை எதுவும் ஒட்டாது என்பது இன்று வேலை செய்பவரின் தலைவலி.

செதிலை ஒட்டுதல்

வார்னிஷ் இல்லாத, மங்கலான பரப்புக்கு எத்தனாலில் 1 முதல் 2 சதவீதம் க்ளூசெல் ஜி என்ற செல்லுலோஸ் வகைப் பசை. கரைப்பானைக் கலக்கிக்கொண்டே தூளைச் சிறிது சிறிதாகத் தூவி, இரவு முழுக்க ஊற விடுங்கள்; ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டும். வார்னிஷ் உள்ள பரப்புக்குத் தண்ணீர் சார்ந்த ஸ்டர்ஜன் மீன் பசை, 1 முதல் 2 சதவீதம். குளிர்ந்த நீரில் இரவு ஊறவைத்து, 60 டிகிரியைத் தாண்டாமல் சூடாக்கிக் கரைக்க வேண்டும். தாண்டினால் பிடிப்பு குறையும். வார்னிஷுக்கு அடியில் இருப்பது தண்ணீருக்கு அஞ்சும் வண்ணம் என்பதால், விரிசலுக்குள் போகும் அளவு துளிக்கணக்கில்தான்.

10 முதல் 20 மடங்கு பெருக்கத்தில், 000 எண் தூரிகையின் நுனியைச் செதிலின் திறந்த விளிம்பில் வையுங்கள். மேலே அல்ல, விளிம்பில். துளி தானாக அடியில் ஓடும். ஓடாமல் மேலே உருண்டு நின்றால் தூசி தடுக்கிறது என்று பொருள். வார்னிஷ் இல்லாத இடமானால் முதலில் வெறும் எத்தனாலைத் தொட்டு வழிவிட்டு, உடனே பசையைக் கொடுங்கள். ஓரிரு நிமிடத்தில் செதில் வளைவு தளரும். அதற்கு முன் அழுத்தினால் நடுவில் ஒடியும். தளர்ந்ததும் சிலிக்கான் பூசிய பாலியெஸ்டர் படலத்தை மேலே வைத்து, சிலிக்கான் முனைக் கருவியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி அழுத்துங்கள். மிஞ்சி வழிந்த பசையை ஈரம் காயுமுன் சிறிது நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். காய்ந்தபின் அது பளபளப்பான ஓரமாக நின்றுவிடும்.

எகிப்திய நீலத்தில் கூடுதல் கவனம் தேவை. அதன் துகள் பருமனானது, பிசின் குறைவு, இடைவெளி அதிகம். அந்த இடைவெளியைப் பாரலாய்ட் பி-72 போன்ற அக்ரிலிக் ரெசின் நிரப்பினால் ஒளி சிதறுவது குறைந்து நீலம் கறுத்துவிடும். அங்கே 0.5 முதல் 1 சதவீத ஃபுனோரி (கடற்பாசிப் பசை) அல்லது மெத்தில் செல்லுலோஸ் மங்கலாகவே காயும். தண்ணீர்ச் சோதனையில் தேறிய இடத்தில் மட்டும்.

சுண்ணப்பூச்சு மொத்தமாக உப்பி நின்றால், விரல் நுனியால் மெல்லத் தட்டும்போது வெற்றொலி கேட்கும். இருக்கும் விரிசல் வழியே ஊசியால் மெத்தில் செல்லுலோஸையும் நுண் கண்ணாடிக் குமிழ்களையும் கூழாகச் செலுத்தலாம். புதிதாகத் துளையிடாதீர்கள். முழுவதும் நிரப்பவும் வேண்டாம். கூழின் ஈரம் கீழே களிமண்ணை எட்டினால் பழைய கறைக் கதைதான்.

கறையான் தின்று கூடாகிப்போன மரத்துக்கு, வண்ணம் இல்லாத பக்கத்திலிருந்து அசிட்டோனில் கரைத்த 5 சதவீதப் பாரலாய்ட் பி-72, பிறகு 10 சதவீதம். அசிட்டோன் வேகமாக ஆவியாகும்போது ரெசினையும் மேலே இழுத்துவரும்; பாலித்தீன் தாளால் மூடி மெதுவாக உலர விடுங்கள். உயிருள்ள பூச்சி இருந்தால் காற்றுப் புகாத உறையில் நைட்ரஜன் நிரப்பி, ஆக்சிஜனை 0.1 சதவீதத்துக்கும் கீழே சில வாரங்கள் வைப்பது நல்லது. உறையவைக்கும் முறை வண்ணம் தீட்டிய மரத்துக்கு ஆபத்தானது.

வைத்திருக்கும் இடம்

காட்சியில் 50 லக்ஸ், புற ஊதா வடிகட்டி. ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள், ஒரு நாளில் 5 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்காமல். பேழைக்கு அடியில் பாலித்தீன் நுரைத் தாங்கி; பேழையின் எடையை விளிம்போ இணைப்போ தாங்கக் கூடாது. ஒட்டிய இடங்களை ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் அதே சாய்வொளியில், அதே கோணத்தில் மீண்டும் படமெடுத்து ஒப்பிடுங்கள். பதிவேட்டில் பசையின் பெயர், சதவீதம், கரைப்பான், தேதி, வரைபடத்தில் இடம் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். ‘ஒட்டப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல், அடுத்து வருபவரை மறுபடியும் கரைப்பான் சோதனையிலிருந்தே தொடங்க வைக்கும்.